வீட்டுக்கு ஓர் ஆள் என்ற கணக்கு

சப்ரகமுவவின் தோட்டங்களில் ஒரு பெண் எத்தனை சங்கங்களில் அங்கத்தவராக இருக்கவேண்டியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். தொழிற்சங்கத்துக்குச் சந்தா போகிறது. மரண உதவிச் சங்கத்துக்கு மாதப்பணம். கோயில் திருவிழாவுக்கு வரி. மாதர் சங்கம் ஒன்று. ஐந்து பேர் குழுவாகச் சேர்ந்தால்தான் கிடைக்கும் கடன் ஒன்று. இவற்றுக்கு மேல், தெரிந்தவர்களுக்குள் போடும் சீட்டு. காவத்தை, இறக்குவானை, பலாங்கொடைப் பக்கம் போனாலும் சரி, எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கம் போனாலும் சரி, இதில் பெரிய மாற்றம் இருக்காது. இவை எதுவும் பொழுதுபோக்குக்காகச் சேரும் சங்கங்கள் அல்ல. லயக் காம்பராவுக்கு உறுதி கிடையாது, அடகு வைக்க நிலம் கிடையாது. வங்கி கேட்கும் பிணைக்குப் பதிலாக அவளிடம் இருப்பது நாலு பெண்கள் போடும் கையொப்பம்தான். இன்னொன்றையும் மறக்கக்கூடாது. நுவரெலியாவைப்போல் தமிழர் செறிந்து வாழும் மாவட்டங்கள் அல்ல இரத்தினபுரியும் கேகாலையும். சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் தேயிலை, இறப்பர்த் தோட்டங்கள் இவை. பிரதேச செயலகத்தில் என்ன படிவம் கொடுக்கிறார்கள், அஸ்வெசும மேன்முறையீட்டுக்கு எந்தத் திகதி கடைசி, மழைக்காலத்தில் எந்த லயத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை என்பதெல்லாம் பெரும்பாலும் சங்கத்தில் இருப்பவர் வாய்வழியாகத்தான் வந்துசேர்கிறது. 2016 மே மாதத்தில் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மண் சரிந்து உயிர்களைக் கொண்டுபோன மாவட்டம் கேகாலை. சங்கத்துக்கு வெளியே நிற்பவள் செய்திக்கும் வெளியே நிற்கிறாள்.

இந்தச் சங்கங்களில் பலவற்றுக்கு எழுதியும் எழுதாமலும் ஒரு விதி இருக்கிறது: வீட்டுக்கு ஓர் ஆள். கூட்டத்துக்கு வீட்டுக்கு ஓர் ஆள், சிரமதானத்துக்கு வீட்டுக்கு ஓர் ஆள், சாவு வீட்டு வேலைக்கு வீட்டுக்கு ஓர் ஆள். வராவிட்டால் தண்டம். தொடர்ந்து வராவிட்டால் பெயர் வெட்டு. கேட்பதற்கு இதைவிட நியாயமான விதி இருக்க முடியாது. பணக்காரன், ஏழை, தலைவர், சாதாரண ஆள் என்ற பேதமில்லாமல் எல்லா வீட்டுக்கும் ஒரே அளவு. ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மூன்று பெரியவர்கள் இருக்கும் வீட்டிலிருந்து ஒருவர் போனால் இரண்டு பேர் வீட்டில் மிச்சம். ஒரே ஒரு பெரியவள் இருக்கும் வீட்டிலிருந்து ஓர் ஆள் போனால் மிச்சம் பிள்ளைகள் மட்டும்தான். முதல் வீடு மூன்றில் ஒரு பங்கைத் தருகிறது, இரண்டாவது வீடு இருப்பதையெல்லாம் தருகிறது. தராமல் விட்டால் அதை அக்கறையின்மை என்று வருகைப் புத்தகத்தில் குறிக்கிறோம். நான் சொல்ல வருவது ஒன்றுதான். சங்கத்தின் கடமைகளை, பிள்ளைகளோடு தனித்து நிற்கும் ஒரு தாய் நிறைவேற்றக்கூடிய அளவில் எழுதவேண்டும். அவளுக்கு மட்டுமான சலுகையாக இல்லாமல் எல்லாருக்குமான விதியாகவே அது இருக்கவேண்டும்.

நாடு முழுவதையும் எடுத்தால், குடும்பங்களில் ஏறத்தாழ நாலில் ஒன்றுக்குப் பெண்தான் தலைவி என்று தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் ஆய்வுகள் காட்டுகின்றன. வடக்கிலும் கிழக்கிலும் போர் விட்டுச்சென்ற விதவைகளைப் பற்றி ஓரளவாவது பேசியிருக்கிறோம். தோட்டத்தில் தனித்துப்போனவளைப் பற்றிய பேச்சு குறைவு. கணவன் இறந்தவள் இருக்கிறாள். கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போனவன் கொஞ்சக் காலம் பணம் அனுப்பி, பிறகு அதுவும் நின்று, ஆளும் திரும்பாத வீடு இருக்கிறது. குடியும் அடியும் தாங்காமல் பிள்ளைகளோடு தாய் வீட்டு லயத்துக்கு வந்தவள் இருக்கிறாள். திருமணத்தைப் பதியாமலே வாழ்ந்து, பிரிந்தபின் கையில் ஒரு காகிதமும் இல்லாதவள் இருக்கிறாள். அரசாங்கப் படிவத்தில் இவர்கள் எல்லாரும் ‘பெண் தலைமைத்துவக் குடும்பம்’ என்ற ஒரே கட்டத்துக்குள் வந்துவிடுகிறார்கள்.

இந்தத் தாயின் நாளைப் பாருங்கள். பிரட்டுக்கு முன் சோறு ஆக்கி, பெரிய பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, சின்னதைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு மலைக்கு ஏறவேண்டும். இறப்பர்த் தோட்டமென்றால் பால்வெட்டு விடிகாலையிலேயே தொடங்கிவிடும். கம்பெனி கேட்கும் கிலோ கொழுந்து எடுக்காவிட்டால் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம், விழாது. 2024 செப்டம்பரில் நாட்சம்பளம் 1350 ரூபாவானது. 2026ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டம் அதை 1550 ஆக்கவும், வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் அரசாங்கம் 200 ரூபா சேர்க்கவும் முன்மொழிந்தது. மலைக்குப் போகாத நாளில் இரண்டும் இல்லை. 1999ஆம் ஆண்டின் தாபரிப்புச் சட்டத்தின்கீழ் பிள்ளைச் செலவு கேட்டு நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும் தாய்க்கு வழக்கின் ஒவ்வொரு தவணையும் அப்படியொரு நாள். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் இன்னொரு நாள். பிள்ளைக் காம்பரா வேலை நேரத்தோடு மூடிவிடும். சங்கக் கூட்டம் அதற்குப் பிறகுதான் தொடங்கும். மாமியாரோ கணவனோ இருக்கும் வீட்டில் அந்த நேரத்துக்குப் பிள்ளைமேல் ஒரு கண் இருக்கும். இவள் வீட்டில் அந்தக் கண் அவளுடையதுதான், அது கூட்டத்துக்குப் போய்விட்டது.

அங்கத்துவக் கடமை அளவுமீறிப்போனால் என்ன ஆகும் என்பதை நம் நாடு நுண்கடன் விவகாரத்தில் பார்த்துவிட்டது. பங்களாதேஷில் 1976இல் ஜோப்ரா கிராமத்தில் முஹம்மது யூனுஸ் தொடங்கிய முயற்சியிலிருந்து பரவிய முறை இது. ஐந்து பெண்கள் ஒரு குழு, பல குழுக்கள் சேர்ந்து ஒரு மையம், வாரந்தோறும் கூட்டம், ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் பொறுப்பு. இங்கே வந்த கம்பெனிகள் பல இதன் இறுக்கத்தை எடுத்துக்கொண்டு இரக்கத்தை விட்டுவிட்டன. 2018இல் இலங்கைக்கு வந்த ஐ.நா.வின் சுயாதீன நிபுணர் ஹுவான் பாப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, கடன் அறவிட வருபவர்களின் தொல்லையையும், தவணைக்குப் பதிலாகப் பாலியல் இணக்கம் கேட்கப்படுவதையும் வெளிப்படையாகச் சொன்னார். அதே ஆண்டு அரசாங்கம் வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்தது. மத்திய வங்கி வட்டிக்கு 35 வீத உச்சவரம்பு வைத்தது. 35 வீதம் ஒரு நிவாரணமாக இருந்ததென்றால் அதற்கு முன் என்ன வட்டி என்று யோசியுங்கள். 2021 மார்ச் மாதத்தில் ஹிங்குராக்கொடையில் பெண்கள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். இதில் என் மனதை உறுத்துவது வட்டியைக் காட்டிலும் அந்தக் கூட்டுப்பொறுப்புதான். ஒருத்தி தவணை தவறினால் பக்கத்துக் காம்பராக்காரியே வந்து கதவைத் தட்டவேண்டிய நிலை. யார் முதலில் தவறுவாள்? ஒரே ஒரு சம்பளத்தில் வாழ்பவள்தான். அடுத்தமுறை குழு சேரும்போது, ‘அவளைச் சேர்த்தால் நாம் கட்டவேண்டி வரும்’ என்று ஒதுக்கப்படுபவளும் அவள்தான். குழுவில் பிறர்மேல் அக்கறையுள்ள பெண்களைக்கூட இந்த விதி இப்படி நினைக்க வைத்துவிடுகிறது.

அந்த இறுக்கம் இல்லாவிட்டால் பணம் திரும்பாது என்பதுதான் எப்போதும் சொல்லப்படும் பதில். இது சோதித்துப் பார்க்கப்பட்ட விஷயம். பிலிப்பைன்ஸின் லேய்த்தே தீவில் ஜினே, கார்லன் என்ற இரண்டு பொருளியலாளர்கள் ஒரு வங்கியோடு சேர்ந்து, ஏற்கெனவே இருந்த குழுக்களில் சிலவற்றில் கூட்டுப்பொறுப்பை நீக்கி, கூட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். தவணை தவறுவது கூடவில்லை. கொல்கத்தாவில் எரிக்கா ஃபீல்டும் ரோஹிணி பாண்டேயும் வாரத் தவணையை மாதத் தவணையாக மாற்றிப் பார்த்தார்கள். அங்கும் கூடவில்லை; கடன் பற்றிய பதற்றம் மாதத் தவணைக்காரப் பெண்களிடம் பாதியளவுக்குக் குறைந்திருந்தது என்று பின்னால் வந்த ஆய்வு காட்டியது. யூனுஸ் தொடங்கிய கிராமீன் வங்கியே 2002 அளவில் தன் முறையைத் திருத்தியபோது கூட்டுப்பொறுப்பைக் கைவிட்டது. முதலில் எழுதியவர்களே விட்டுவிட்ட விதியை நாம் இன்னும் தூக்கிக்கொண்டு திரிகிறோம்.

ஆனால் நேர்மையாகச் சொல்லவேண்டிய மறுபக்கமும் இருக்கிறது. அதே கொல்கத்தா ஆய்வாளர்கள் பிறகு செய்த இன்னோர் ஆய்வு, வாரந்தோறும் சந்தித்த பெண்கள் கடன் முடிந்து வெகுகாலம் ஆனபிறகும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்வருவதையும், அடுத்த கடனில் அவர்கள் தவணை தவறுவது வெகுவாகக் குறைந்ததையும் கண்டது. கூட்டம் வீண் சடங்கு அல்ல என்பதற்கு இது நல்ல சான்று. கூட்டங்களைக் குறை, எல்லாவற்றையும் பணமாக வாங்கிக்கொள், தொல்லை தீர்ந்தது என்று சொல்பவர்களுக்கு இதுவே பதில். நானும் அதைச் சொல்லவில்லை. நான் கேட்பது, அந்தச் சந்திப்பின் பலன் யாருக்குக் கிடைக்கிறது என்பது. தண்டத்துக்குப் பயந்து ஒதுங்கியவளுக்கும் பெயர் வெட்டப்பட்டவளுக்கும் கூட்டத்தின் உறவு கிடைப்பதில்லை. சந்திப்பு அவ்வளவு பெறுமதியானது என்றால், அது அதிகம் தேவைப்படுபவள் வரக்கூடிய நேரத்திலும் இடத்திலும் அதை வைப்பதுதானே முறை?

பணம் கட்டினால் போதும் என்ற வழி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குத் தொழிற்சங்கமே சாட்சி. சந்தா சம்பளத்திலேயே பிடிக்கப்படுகிறது. தனித்த தாய் அதற்காக ஒரு நிமிடமும் செலவழிக்க வேண்டியதில்லை; கட்டத் தவறுவதும் இல்லை. கடமையை இவ்வளவு ஒழுங்காக நிறைவேற்றும் அங்கத்தவர் வேறெங்கும் கிடைக்கமாட்டார். ஆனால் தோட்டக் கமிட்டி கூடும் நேரமும் இடமும், தலைவர்கள் டவுனுக்குப் போய்வரும் வழக்கமும் பிள்ளை பார்க்க வேண்டியில்லாதவர்களுக்கு ஏற்றபடி அமைந்தவை. கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆணுக்குச் சமமான நாட்சம்பளம் அவர்களுக்குக் கிடைத்ததோ 1984இல்தான். சந்தா கட்டியவர்கள் அதற்கு முந்தைய பத்தாண்டுகளிலும் இருந்தார்கள். பேசும் இடத்தில்தான் இல்லை. உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு 2018 தேர்தலில் நடைமுறைக்கு வந்தபோது, ‘நிறுத்துவதற்குப் பெண்கள் இல்லை’ என்று கட்சிகள் புலம்பியதைக் கேட்டிருப்பீர்கள். கமிட்டியில் உட்காராத பெண் எப்படி வேட்பாளராவாள்? ஆகவே கடமையை முழுக்கக் கழிப்பதும் தீர்வல்ல. அவள் உள்ளே வந்து, உட்கார்ந்து, பேசி, பொறுப்பெடுக்கும்படியாகக் கடமையின் உருவத்தை மாற்றவேண்டும்.

இது தோட்டத்துக்கு மட்டும் உரிய சிக்கலும் அல்ல. அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவியர் ‘சொரொரிட்டி’ என்ற சகோதரிக் கழகங்களில் சேர்கிறார்கள். 1870இல் தொடங்கிய கப்பா ஆல்ஃபா தீட்டா போன்ற பழைய கழகங்கள் இன்றும் இருக்கின்றன. சந்தா, வாராந்தக் கூட்டம், சேவை நேரம், வராவிட்டால் தண்டம் என்று அங்கேயும் கடமைகள் உண்டு. அந்நாட்டு இளநிலை மாணவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் தனித்த தாய். கழக விதிகளோ, பிள்ளை குட்டி இல்லாத பதினெட்டு வயதுப் பெண்ணை மனதில் வைத்து எழுதப்பட்டவை. 1908இல் ஹோவார்ட் பல்கலைக்கழகத்தில் பிறந்த ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா போன்ற கறுப்பின மாணவியர் கழகங்கள் படிப்பு முடிந்தபின்னும் சேரக்கூடிய கிளைகளை வைத்திருப்பதால், வாழ்க்கையின் வேறொரு கட்டத்திலும் உள்ளே வர ஒரு கதவு திறந்திருக்கிறது. வசதியுள்ள நாட்டின் வசதியுள்ள கழகமும் நம் லயத்து மாதர் சங்கமும் ஒரே பிழையைச் செய்கின்றன என்றால், பிழை வறுமையில் இல்லை, விதி எழுதுபவர் யாரை நினைத்து எழுதுகிறார் என்பதில் இருக்கிறது.

மாற்றம் எப்படி இருக்கலாம்? கேகாலை மண்ணிலிருந்தே ஒன்றைச் சொல்லலாம். இலங்கையில் கடன் கூட்டுறவு 1906இலேயே தொடங்கிவிட்டது. அது தூங்கிப்போயிருந்த காலத்தில், 1978இல், கேகாலை மாவட்டத்து வல்கம கிராமத்தில் பி. ஏ. கிரிவந்தெனிய என்பவர் தன் ஊர்ச் சங்கத்தைத் தட்டியெழுப்பியதில்தான் இன்று நாடெங்கும் தெரியும் சணச இயக்கம் பிறந்தது. இருந்த சங்கத்தைக் கலைக்காமல், அதன் நடைமுறையை அங்கத்தவரின் வாழ்க்கைக்கு ஏற்ப மாற்றியே அதற்கு உயிர் கொடுக்க முடிந்தது. நம் சங்கங்களிலும் அதைச் செய்யலாம். எல்லாரும் எப்படியும் ஒன்றுசேரும் சம்பள நாளில் கூட்டத்தை வைக்கலாம், அதுவும் இருட்டுவதற்கு முன். கூட்டம் நடக்கும் மண்டபத்திலேயே பிள்ளைகளுக்கு ஒரு மூலை ஒதுக்கி, பிள்ளைகளைப் பார்ப்பதற்கு அங்கத்தவர்களுக்குள் முறை வைத்து, அதையும் சங்க வேலையாகவே புத்தகத்தில் எழுதலாம். இது சிறிய விஷயமாகத் தெரியும். ஆனால் பிள்ளை பார்ப்பது வேலை என்று ஒரு சங்கம் தன் பதிவேட்டில் எழுதிய நாளிலிருந்து, அதை மட்டுமே செய்துகொண்டிருந்தவளின் நிலை மாறிவிடும். சிரமதானத்துக்கும் சாவு வீட்டுக்கும் ஓர் ஆணின் உடம்பைத்தான் கேட்கவேண்டும் என்றில்லை. கணக்கு எழுதுவது, சிங்களப் படிவத்தை நிரப்பிக் கொடுப்பது, சாவு வீட்டுக்கு வீட்டிலிருந்தே சமைத்து அனுப்புவது எல்லாம் அதே அளவு வேலைதான். எழுத வாசிக்கச் சிரமப்படுபவர்களுக்குக் கூட்ட முடிவுகளை வாட்ஸ்அப்பில் குரலாகவே அனுப்பலாம். நீதிமன்றத் தவணைக்கும் ஆஸ்பத்திரிக்கும் தண்டம் கூடவே கூடாது. வட்டியில் சேரும் பணத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, தவறிய தவணையை ஒரு மாதம் தாங்கிப் பிடிக்கலாம்.

‘அவளுக்கு விட்டுக்கொடுத்தால் நாளை எல்லாரும் காரணம் சொல்வார்கள்’ என்ற குரல் எழும். இது குறுகிய மனம் பேசும் பேச்சென்று நான் தள்ளமாட்டேன். சங்கம் நிற்பது நம்பிக்கையில். ஒருத்தி உழைக்காமல் பலன் எடுக்கிறாள் என்ற எண்ணம் வந்துவிட்டால் சங்கம் கலைந்துபோகும். ஆனால் விதிவிலக்குத்தான் பொறாமையை வளர்க்கிறது, எல்லாருக்கும் ஒரே விதி அதை வளர்ப்பதில்லை. நோயாளிக் கணவனைப் பார்க்கும் பெண்ணும், குடிகாரனோடு மாரடிக்கும் பெண்ணும், வயதான தாயோடு இருப்பவளும் காகிதத்தில் தனித்தவர்கள் அல்ல, வாழ்க்கையில் தனித்தவர்கள்தான். மேலே சொன்ன மாற்றங்கள் இவர்கள் எல்லாருக்கும் பொருந்தும். எந்த வேலையை எப்போது செய்வது என்று தெரிவுசெய்யும் உரிமை மாறுகிறதே தவிர, வேலை செய்யவேண்டும் என்ற கடமை யாருக்கும் குறைவதில்லை.

சலுகையென்று தனியே கொடுத்தால் இன்னொரு கேடும் வரும். தனித்த தாய் என்ற பட்டியலில் பெயர் வருவது நம்மிடையே இலேசான காரியமல்ல. மாதர் சங்க விழாவில் குத்துவிளக்கு ஏற்றும்போது சிலர் தாமாகவே பின்வரிசைக்குப் போவதை யாரும் கவனிக்காததுபோல் இருந்துவிடுகிறோம். அவளை எழுப்பி நிறுத்தி ‘இவளுக்குத் தண்டம் இல்லை’ என்று அறிவிப்பது உதவியல்ல. விதி பொதுவாக இருந்தால் அவள் எதையும் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை.

இதெல்லாம் அரசாங்கத்தின் பொறுப்பு, மாலைவரை பிள்ளைக் காம்பராவைத் திறந்துவைக்கச் சொல்லுங்கள், சம்பளத்தைக் கூட்டச் சொல்லுங்கள் என்பவர்களும் உண்டு. சரியான கோரிக்கைகள்தான். 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பெனிகளின் கைக்குப் போனதிலிருந்து யார் எதற்குப் பொறுப்பு என்ற இழுபறி ஓய்ந்தபாடில்லை. அதை எதிர்த்துக் கேட்டுக்கொண்டேதான் இருக்கவேண்டும். ஆனால் சங்கத்தின் விதியை அமைச்சரவை எழுதவில்லை, கம்பெனி எழுதவில்லை. நாம் எழுதியது. அதை மாற்ற வர்த்தமானி தேவையில்லை, ஒரு பொதுக்கூட்டத்தின் கைதூக்கல் போதும். அரசாங்கத்திடமும் கம்பெனியிடமும் கேட்கும் குரலுக்கும் ஆள் வேண்டும்; வெட்டப்பட்ட பெயர்களோடு அந்தக் குரலும் சேர்ந்தே போய்விடுகிறது.

நீங்கள் ஒரு மாதர் சங்கத்தின் தலைவியாகவோ செயலாளராகவோ பொருளாளராகவோ இருந்தால், வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்கு முன் வருகைப் புத்தகத்தையும் தண்டப் புத்தகத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அதிகம் தண்டம் கட்டிய பெயர்கள் யாருடையவை, அவர்கள் வீட்டில் எத்தனை பெரியவர்கள் இருக்கிறார்கள் என்று குறியுங்கள். பெயர் வெட்டும் தீர்மானம் நிகழ்ச்சி நிரலில் இருந்தால் அதற்கு முன்னால் இந்தக் குறிப்பைச் சபையில் வாசியுங்கள். பிறகு விதியைத் திருத்தும் தீர்மானத்தைக் கொண்டுவாருங்கள். வெட்டப்பட்டவர்களின் வீட்டுக்கு இரண்டு பேராகப் போய், கூட்டத்துக்கு எந்த நேரம் வசதி என்று கேட்டு, அவர்களைத் திரும்ப அழைத்து வாருங்கள்.